கையால் ஓட்டினால் ஓடுகிறது, கிரானில் போட்டால் ஓடுவதில்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குன்னூர், கோத்தகிரி, கூடலூர் பகுதிகளில் பச்சைத் தேயிலை வாங்கும் சிறு தொழிற்சாலைகள், தங்கும் விடுதிகள், மழைமானி வைத்திருக்கும் தோட்டங்கள் ஆகியவற்றின் லினக்ஸ் கணினிகளைப் பார்த்துக்கொள்ளும் நண்பர்கள், குறித்த நேரத்தில் கட்டளைகளைத் தானாக ஓட்டும் கிரான் நிரலைப் பற்றித் திரும்பத் திரும்பக் கேட்கும் ஐயங்களை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் கேட்டவர்களின் சொற்களிலேயே உள்ளன. கட்டளைகளின் பெயர்களை ஒலிப்படி தமிழில் எழுதியிருக்கிறேன். தட்டச்சு செய்யும்போது அவற்றின் வழக்கமான எழுத்துகளில் இட்டுக்கொள்ளவும்.

டெர்மினலில் ஓட்டினால் ஸ்கிரிப்ட் அருமையாக ஓடுகிறது. கிரானில் போட்டால் ஒன்றுமே நடப்பதில்லை. கிரான் கெட்டுப்போய்விட்டதா?

பெரும்பாலும் இல்லை. கிரான் 1970களிலிருந்தே யூனிக்ஸில் இருந்துவரும் நிரல். இன்று பல லினக்ஸ் கணினிகளில் ஓடும் வடிவத்தின் மூலத்தைப் பால் விக்ஸி 1987-இல் எழுதினார். குறித்த நிமிடத்தில் குறித்த வரியை, கட்டளைகளைப் படித்து நிறைவேற்றும் ஷெல்லிடம் ஒப்படைப்பதை அது ஒழுங்காகவே செய்கிறது. ஒப்படைத்த பிறகுதான் சிக்கல் தொடங்குகிறது.

நீங்கள் டெர்மினலில் நுழையும்போது உங்கள் பயனர் கணக்கின் தொடக்கக் கோப்புகள் படிக்கப்பட்டு, பல சூழல் மாறிகள் (நிரல்கள் படித்துக்கொள்ளும், பெயரிட்ட மதிப்புகள்) உங்களுக்குத் தெரியாமலேயே அமைக்கப்படுகின்றன. கிரான் அந்தக் கோப்புகள் எதையும் படிப்பதில்லை. ஹோம், லாக்நேம், ஷெல், பாத் என்னும் சில மாறிகளை மட்டும் வைத்துக்கொண்டு உங்கள் ஸ்கிரிப்டைத் தொடங்குகிறது. ஸ்கிரிப்ட் ஒன்றுதான், அது ஓடும் சூழல் வேறு. இந்தப் பக்கத்தில் உள்ள பெரும்பாலான விடைகள் இந்த வேறுபாட்டிலிருந்து பிறப்பவையே.

சரி, அது ஓடியதா இல்லையா என்று எங்கே பார்ப்பது? பிழைச் செய்திகூட வரவில்லையே.

முதலில் கிரான் வரியைத் தொடங்கியதா என்று பாருங்கள். டெபியன், உபுண்டு ஆகிய லினக்ஸ் வகைகளில் சிஸ்லாக் என்னும் பதிவுக் கோப்பில் கிரான் என்று தேடினால், எந்த நிமிடத்தில் எந்தப் பயனருக்காக எந்தக் கட்டளை தொடங்கப்பட்டது என்ற வரி கிடைக்கும். 2023-இல் வந்த டெபியன் 12-இல் அந்தக் கோப்பு இயல்பாக இருப்பதில்லை. ஜர்னல்சிடிஎல் கட்டளையில் கிரான் சேவையைக் குறிப்பிட்டுப் பார்க்க வேண்டும். ரெட் ஹேட் வகைகளில் கிரானுக்கென்று தனிப் பதிவுக் கோப்பே உண்டு. வரி பதிவாகியிருந்தால் கோளாறு உங்கள் ஸ்கிரிப்டில் அல்லது அதன் சூழலில். பதிவாகவில்லை என்றால் நேரக் குறிப்பில் அல்லது கோப்பு அமைந்த விதத்தில். இதை முடிவு செய்யாமல் ஸ்கிரிப்டைத் திருத்தத் தொடங்குவது வீண் வேலை.

பிழைச் செய்தி எங்கும் போய்விடவில்லை. ஸ்கிரிப்ட் வெளியிடும் எழுத்துகளைக் கிரான் அந்தக் கணினியிலேயே உள்ள பயனருக்கு மின்னஞ்சலாக அனுப்ப முயல்கிறது. அஞ்சல் அனுப்பும் நிரல் நிறுவப்படாத கணினியில் வெளியீட்டைத் தூக்கி எறிந்துவிட்டு, எறிந்ததாகப் பதிவில் ஒரு வரி மட்டும் எழுதுகிறது. எனவே கிரான் வரியின் கடைசியில் >> குறியிட்டு ஒரு கோப்பின் பெயரையும், அதன் பின்னர் 2>&1 என்பதையும் சேருங்கள்; பிழைச் செய்திகளையும் அதே கோப்புக்கு அனுப்பும் குறி அது. இந்த வரிசை முக்கியம். 2>&1 முன்னால் வந்தால் பிழைச் செய்திகள் பழைய இடத்துக்கே போகும்; கோப்பில் வழக்கமான வெளியீடு மட்டும் சேரும். வெறுமையான கோப்பைப் பார்த்து 'பிழையே இல்லை' என்று நம்பிவிடுகிறவர்கள் பலர்.

பதிவில் 'கட்டளை கிடைக்கவில்லை' என்று வருகிறது. அதே கட்டளை எனக்கு டெர்மினலில் வேலை செய்கிறதே?

கட்டளைகளை எந்தெந்தக் கோப்பகங்களில் தேட வேண்டும் என்பதைப் பாத் மாறி சொல்கிறது. டெபியன் வகைக் கிரானில் அதன் இயல்பான மதிப்பு /யூஎஸ்ஆர்/பின், /பின் ஆகிய இரண்டு இடங்கள் மட்டுமே. தொழிற்சாலையின் எடை மேடையிலிருந்து இலை எடையைப் படிக்கும் நிரலை நிறுவியவர் அதை யூஎஸ்ஆர்-லோக்கல்-பின் கோப்பகத்தில் வைத்திருப்பார். கிரான் அங்கே எட்டிப் பார்ப்பதே இல்லை. ஹோம் கோப்பகத்துக்குள் நிறுவிய பைதான், நோட் போன்றவற்றுக்கும் இதே கதி.

கட்டளையின் முழுப் பாதையை எழுதலாம். அல்லது கிரான் வரிகளை எழுதும் கோப்பான கிரான்டேப்பின் தலையில் பாத் மாறிக்கு ஒரு வரி எழுதலாம். இரண்டாவது வழியில் ஒரு கண்ணி உண்டு. பழக்கதோஷத்தில் $பாத் என்று பழைய மதிப்பை இழுத்து அதனுடன் சேர்க்கப் பார்ப்பீர்கள். கிரான்டேப்பின் மாறி வரிகளில் டாலர் குறி விரிவாக்கப்படுவதில்லை. அந்த எழுத்துகள் அப்படியே மதிப்பாகிவிடும், முன்பு கிடைத்த கட்டளைகளும் கிடைக்காமல் போகும். எல்லாக் கோப்பகங்களையும் முழுதாக எழுதுங்கள்.

என்னுடைய பாஷ்ஆர்சி கோப்பில் எல்லாம் சரியாக இருக்கிறது. அதை ஸ்கிரிப்டின் முதல் வரியில் சோர்ஸ் செய்தும் பலனில்லை. ஏன்?

டெபியன், உபுண்டு தரும், பாஷ் ஷெல்லின் தொடக்கக் கோப்பான பாஷ்ஆர்சியைத் திறந்து முதல் சில வரிகளைப் படியுங்கள். ஷெல் மனிதருடன் உரையாடும் நிலையில் இல்லை என்றால் அங்கேயே திரும்பிவிடு என்று ஒரு நிபந்தனை இருக்கும். கிரான் தொடங்கும் ஷெல் அந்த நிலையில் இருப்பதில்லை. எனவே கோப்பு படிக்கப்படுகிறது, ஆனால் நீங்கள் கீழே சேர்த்த வரிகளை எட்டுவதற்கு முன்பே திரும்பிவிடுகிறது.

அந்த நிபந்தனையை அழிக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. ஸ்கிரிப்டுக்குத் தேவையான மாறிகளை மட்டும் ஒரு தனிச் சிறு கோப்பில் எழுதி, அதைச் சோர்ஸ் செய்யுங்கள். நாளைக்கு உங்கள் இடத்தில் வேறொருவர் வேலைக்கு வந்தாலும் அவருக்கு எது தேவை என்பது தெரியும்.

கிரான் பார்க்கும் சூழலை நானும் பார்க்க ஏதாவது வழி இருக்கிறதா? ஒவ்வொரு முறையும் நேரத்தை மாற்றி வைத்துவிட்டுக் காத்திருப்பது அலுப்பாக இருக்கிறது.

இருக்கிறது, இந்தப் பக்கத்தில் ஒன்றை மட்டும் செய்து பார்ப்பதென்றால் இதைச் செய்யுங்கள். ஒவ்வொரு நிமிடமும் ஓடு என்று பொருள்படும் * * * * * என்னும் ஐந்து விண்மீன் குறிகளுடன், சூழல் மாறிகளைப் பட்டியலிடும் என்வ் கட்டளையின் வெளியீட்டை ஒரு கோப்பில் எழுதும் வரியைக் கிரான்டேப்பில் சேர்த்து, ஒரு நிமிடம் பொறுத்து, அந்த வரியை நீக்கிவிடுங்கள். இனி டெர்மினலில் என்வ் கட்டளையை இட்டு இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். உங்கள் பக்கம் திரை நிறைய ஓடும்: டெர்ம், டிஸ்பிளே, தொலைக் கணினிகளில் நுழைய உதவும் எஸ்எஸ்எச் முகவரின் சாக்கெட், நீங்கள் எப்போதோ சேர்த்து மறந்துவிட்ட தரவுத்தளக் கடவுச்சொல் மாறி. கிரானின் கோப்பில் ஒரு கைவிரல்களுக்குள் அடங்கும் வரிகளே இருக்கும். உங்கள் ஸ்கிரிப்ட் எதை நம்பி ஓடிக்கொண்டிருந்தது என்பது அந்த இடைவெளியில் தெரிந்துவிடும்.

அடுத்து, என்வ் கட்டளைக்குச் சூழலை வெறுமையாக்கும் 'ஐ' தெரிவைக் கொடுத்து, அந்தச் சில மாறிகளை மட்டும் கையால் எழுதி, சாதாரண எஸ்எச் ஷெல்லின் வழியாக ஸ்கிரிப்டைத் தொடங்குங்கள். உள்ளீட்டை எப்போதும் வெறுமையாக இருக்கும் தேவ்-நல் கோப்பிலிருந்து வாங்கச் சொல்லுங்கள். கிரானில் விசைப்பலகை கிடையாது, 'தொடரவா?' என்று கேட்கும் நிரலுக்கு விடையே வராது. இப்போது கிரானில் தோன்றிய பிழை பெரும்பாலும் உங்கள் கண்முன்னே தோன்றும். நள்ளிரவு வரை காத்திராமல் திருத்தித் திருத்திப் பார்க்கலாம். டெர்ம் மாறி இல்லாததால் திரையைத் துடைக்கும் கட்டளையோ வண்ணம் தீட்டும் டிபுட் கட்டளையோ தோற்பதும், பிழை வந்தால் நின்றுவிடு என்று ஸ்கிரிப்டின் தலையில் எழுதியிருப்பதால் அதோடு எல்லாமே நின்றுபோவதும் இப்படித்தான் அகப்படும்.

ஸ்கிரிப்ட் ஓடுகிறது, ஆனால் அறிக்கைக் கோப்பு இருக்க வேண்டிய இடத்தில் இல்லை.

ஹோம் கோப்பகத்தில் தேடுங்கள். கிரான் அங்கிருந்துதான் ஸ்கிரிப்டைத் தொடங்குகிறது. நீங்களோ ஸ்கிரிப்ட் இருக்கும் கோப்பகத்துக்குள் போய் ஓட்டிப் பழகியிருப்பீர்கள். முழுப் பாதைகளை எழுதுங்கள். அல்லது ஸ்கிரிப்டின் தொடக்கத்திலேயே உரிய கோப்பகத்துக்கு மாறி, மாற முடியாவிட்டால் வெளியேறும்படி எழுதுங்கள். வெளியேறும் பகுதியை விட்டுவிடாதீர்கள். பழைய கோப்புகளை அழிக்கும் ஸ்கிரிப்ட், கோப்பகம் மாறாமலேயே அழிக்கத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள்.

கோப்பின் பெயரில் அன்றைய தேதி வரட்டும் என்று கிரான் வரியிலேயே டேட் கட்டளையைச் சேர்த்தேன். எதிர்பாராத முடிவு என்று ஏதோ பிழை வருகிறது.

கிரான்டேப்பில் % குறிக்குத் தனிப் பொருள் உண்டு. முதல் % வரைதான் கட்டளை. அதன் பின்னால் வருபவை கட்டளைக்கான உள்ளீடாகிவிடுகின்றன, அடுத்தடுத்த % குறிகள் வரி முறிவாகின்றன. தேதி வடிவத்தில் % இல்லாமல் இருக்காது என்பதால் உங்கள் கட்டளை நடுவில் அறுபடுகிறது. \% என்று எழுதினால் தப்பிக்கலாம். ஆனால் தேதி வேலையை ஸ்கிரிப்டுக்குள் வைத்துவிட்டுக் கிரான்டேப்பில் ஸ்கிரிப்டின் பெயரை மட்டும் எழுதுவதே நல்லது.

இரட்டைச் சதுர அடைப்பும் வரிசை மாறிகளும் டெர்மினலில் ஓடுகின்றன. கிரானில் இலக்கணப் பிழை என்கிறது.

உங்கள் டெர்மினலில் இருப்பது பாஷ். கிரான் கூப்பிடுவது எஸ்எச். உபுண்டுவில் 2006-இல் வந்த 6.10 பதிப்பிலிருந்தும், டெபியனில் 2011-இல் வந்த 6-ஆம் பதிப்பிலிருந்தும் எஸ்எச் என்ற பெயருக்குப் பின்னால் இருப்பது டாஷ் என்னும் சிறிய, விரைவான ஷெல். நீங்கள் சொன்ன இரண்டும் அதற்குத் தெரியாது.

ஸ்கிரிப்டின் முதல் வரியில் #! குறியுடன் பாஷின் பாதையை எழுதியிருந்தால் இந்தத் தொல்லை வராது. எழுதாமல் விட்ட ஸ்கிரிப்டை டெர்மினலில் ஓட்டினால், பாஷ் தானே அதை எடுத்து ஓட்டிவிடுகிறது. கிரானில் அதே கோப்பு டாஷிடம் போகிறது. முதல் வரி இருந்தும் பிழை வந்தால், கிரான்டேப்பில் ஸ்கிரிப்டின் பெயருக்கு முன்னால் எஸ்எச் என்று எழுதியிருக்கிறீர்களா என்று பாருங்கள். அப்படி எழுதினால் முதல் வரி வெறும் குறிப்புரையாகிவிடும்.

விவசாயிகள் பட்டியலில் தமிழ்ப் பெயர்கள் கேள்விக்குறிகளாக வருகின்றன. சில நாள் எழுத்து சரியாக இருந்தாலும் அகர வரிசை குழம்பியிருக்கிறது.

இரண்டுக்கும் மொழியமைப்பு மாறிதான் காரணம். லாங் மாறி இல்லாத இடத்தில் நிரல்கள் 'சி' எனப்படும் அடிப்படை அமைப்புக்குப் போய்விடும். அதற்குத் தமிழ் எழுத்து வெறும் பைட்டுகள். டெபியன் வகையில் கணினி முழுமைக்கும் அமைத்த மொழியமைப்பு கிரானுக்கும் கிடைப்பதுண்டு. எதுவுமே அமைக்காத சிறிய சர்வர்களில் அதுவும் இல்லை. எஸ்எஸ்எச் வழியாக நுழையும்போது உங்கள் மடிக்கணினியின் லாங் மதிப்பும் பெரும்பாலும் கூடவே சர்வருக்குப் போகிறது. அதனால்தான் நீங்கள் கையால் சோதிக்கும்போது தமிழ் ஒழுங்காகத் தெரிகிறது.

வரிசைக் குழப்பத்தை நுணுக்கமாகப் பார்த்தால் காரணம் புரியும். 'சி' அமைப்பில் சார்ட் கட்டளை யூனிகோடு எண்களின் வரிசையில் அடுக்குகிறது. யூனிகோடில் ர-வுக்கு அடுத்து ற, அதன் பின் ல. ந-வுக்கு அடுத்ததே ன. நம் நெடுங்கணக்கிலோ ற, ன இரண்டும் கடைசி. ஆகவே மலர் என்ற பெயருக்கு முன்னால் மறைமலை வந்து நிற்பார். கிரான்டேப்பின் தலையில் லாங் மாறிக்கு யூடிஎஃப்-8 அமைப்பு ஒன்றைக் கொடுங்கள். அந்த அமைப்பு கணினியில் உண்மையாகவே நிறுவப்பட்டுள்ளதா என்று லொகேல் கட்டளையால் உறுதி செய்யுங்கள். பைதான் 3.7 முதல் 'சி' அமைப்பிலும் யூடிஎஃப்-8 ஆகவே எழுத முயல்கிறது. அதற்கு முந்தைய பதிப்புகள் பிழையோடு நின்றுவிடும்.

தினமும் இரவு கணக்குக் கோப்பை வேறொரு சர்வருக்கு அனுப்ப வேண்டும். கையால் அனுப்பினால் கடவுச்சொல்லே கேட்காமல் போகிறது. கிரானில் அனுமதி மறுப்பு.

கையால் அனுப்பும்போது, திறவுகோலின் கடவுச்சொல்லை நீங்கள் முன்பே ஒருமுறை கொடுத்திருக்கிறீர்கள். எஸ்எஸ்எச் முகவர் அதை நினைவில் வைத்திருக்கிறது. அந்த முகவர் எங்கே இருக்கிறது என்று சொல்லும் மாறி கிரானுக்குக் கிடைப்பதில்லை. இந்த வேலைக்கென்று கடவுச்சொல் இல்லாத தனித் திறவுகோல் ஒன்றை உருவாக்கி, எதிர்ச் சர்வரில் அந்தத் திறவுகோலால் ஒரே ஒரு கட்டளையை மட்டும் ஓட்ட முடியும்படி கட்டுப்படுத்துங்கள். அந்தக் கட்டுப்பாடு இல்லாத திறவுகோல், யார் கையில் கிடைத்தாலும் எதிர்ச் சர்வரில் அந்தக் கணக்கை முழுதாகத் திறந்துவிடும். முழு அதிகாரம் உள்ள ரூட் பயனரின் கிரானில் ஓட்டினால், ரூட்டாகவே ஒருமுறை இணைந்து, எதிர்ச் சர்வரின் அடையாளத்தையும் ஏற்றுக்கொள்ள வேண்டும். நீங்கள் ஏற்றது உங்கள் கணக்கில் மட்டுமே பதிவாகியிருக்கும்.

காலை 8:30-க்கு எடுக்க வேண்டிய மழையளவை ஸ்கிரிப்ட் பிற்பகல் 2 மணிக்கு எடுக்கிறது. வரியில் 30 8 என்றுதானே எழுதியிருக்கிறேன்?

வாடகைக்கு எடுத்த சர்வர்களின் கடிகாரம் பெரும்பாலும் உலகப் பொது நேரத்தில் இருக்கும். நம் நேரம் அதைவிட 5 மணி 30 நிமிடம் முன்னால் ஓடுகிறது. 8:30-உடன் 5:30-ஐக் கூட்டினால் 2 மணி. இந்திய வானிலை ஆய்வுத் துறை மழைநாளைக் காலை 8:30-இல் முடிப்பதும் இதனால்தான். அது பொது நேரத்தில் சரியாக 3 மணி. எனவே அந்தச் சர்வரில் 0 3 * * * என்று எழுதினால் போதும்.

எல்லா நேரமும் இப்படி எளிதாக மாறாது. ஒவ்வொரு மாதமும் 1-ஆம் தேதி அதிகாலை 1 மணிக்கு ஓட வேண்டிய இலைக்கணக்கு, பொது நேரத்தில் முந்தைய மாதத்தின் கடைசி நாள் 19:30. கடைசி நாள் 28-ஆ 31-ஆ என்பதைக் கிரான் வரியில் சொல்ல முடியாது. சர்வரின் நேர மண்டலத்தையே இந்திய நேரத்துக்கு மாற்றிவிட்டு, கிரான் சேவையை மறுதொடக்கம் செய்யுங்கள். ரெட் ஹேட் வகைகளின் கிரான்டேப்பில் மண்டலத்தைக் குறிக்கத் தனி மாறி உண்டு. டெபியன் கிரானில் நேர மண்டல மாறியை எழுதினால் ஸ்கிரிப்டுக்குள் தேதி மாறுமே தவிர, தொடங்கும் நேரம் மாறாது.

மாதத்தின் முதல் திங்கள் மட்டும் ஓட வேண்டும் என்று 1-7 தேதியும் திங்களும் போட்டேன். தினமும் ஓடுகிறதே?

தேதி, கிழமை இரண்டையும் குறித்தால் இரண்டில் ஒன்று பொருந்தினாலே கிரான் ஓட்டிவிடும். ஆகவே முதல் ஏழு நாளும் ஓடும், பிறகு எல்லாத் திங்களும் ஓடும். தேதியை மட்டும் வரியில் வைத்து, கிழமையை ஸ்கிரிப்டுக்குள் சோதியுங்கள்.

மின்சாரம் போய் வந்த பிறகு கணக்கே வருவதில்லை. ராஸ்பெரி பை தானாக எழுந்துவிடுகிறது, ஆனாலும் அன்றைய வேலை விட்டுப்போகிறது.

ஆடி மாதக் காற்றில் கம்பி மேல் மரம் விழுந்தால் கூடலூர், பந்தலூர் பக்கம் மின்சாரம் எப்போது திரும்பும் என்று சொல்ல முடியாது. கோத்தகிரிக்கு ஐப்பசி, கார்த்திகையில் அதே நிலைமை. கணினி அணைந்திருந்த நேரத்தில் தவறிய வேலையைக் கிரான் பிறகு ஓட்டுவதில்லை. நாள், வாரம், மாதம் என்ற அளவில் ஒருமுறை ஓடினால் போதும் என்றால் அனாக்ரான் அதைச் செய்யும். லினக்ஸில் சேவைகளைத் தொடங்கி நடத்தும் சிஸ்டம்டியின் டைமரில் பெர்சிஸ்டன்ட் என்னும் அமைப்பு அதே பணியைச் செய்கிறது.

ராஸ்பெரி பையில் இன்னொரு சிக்கலும் சேர்ந்துகொள்கிறது. 4-ஆம் பதிப்பு வரை அதில் மின்கலத்தில் ஓடும் கடிகாரம் இல்லை. 5-ஆம் பதிப்பில் கடிகாரம் உண்டு, மின்கலத்தைத் தனியாக வாங்கிப் பொருத்த வேண்டும். கடிகாரம் இல்லாத பை, கடைசியாகச் சேமித்து வைத்த நேரத்தோடு எழுந்து, இணையம் கிடைத்ததும் சட்டென்று சரியான நேரத்துக்குத் தாவுகிறது. தாவல் 3 மணி நேரத்துக்கும் குறைவாக இருந்தால், இடையில் தவறிய குறித்த நேர வேலைகளைக் கிரான் உடனே ஓட்டும். அதைவிட அதிகமானால் கடிகாரத் திருத்தம் என்று கொண்டு புதிய நேரத்திலிருந்து தொடரும். ஒரே வகை மின்தடைக்குப் பிறகு ஒரு நாள் கணக்கு வருவதும் மறுநாள் வராததும் இதனால்தான்.

கணினி எழுந்ததும் ஓடும்படி @ குறியோடு ரீபூட் என்று எழுதிய வரிகளும் இதே வேளையில் ஏமாற்றும். அவை கிரான் சேவை தொடங்கியதும் ஓடுகின்றன; மோடம் அப்போதுதான் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கும். தொடக்கத்தில் 60 நொடி தூங்கச் சொல்வது பலர் கையாளும் வழி. ஈரமான நாளில் மோடம் இணைய இரண்டு நிமிடம் ஆனால் அதுவும் தோற்கும். நேரம் ஒத்திசைந்துவிட்டதா, எதிர்ச் சர்வர் பதில் தருகிறதா என்று ஸ்கிரிப்டே கேட்டுப் பார்த்து, ஒரு வரம்புவரை காத்திருப்பதே சரி.

ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை ஓடும் ஸ்கிரிப்ட் சில நேரம் இரண்டு, மூன்றாகச் சேர்ந்து ஓடுகிறது. எடை இரட்டிப்பாகப் பதிவாகிறது.

முந்தையது முடிந்ததா என்று கிரான் பார்ப்பதில்லை. இணையம் மெதுவான நாளில் முதல் ஓட்டம் ஐந்து நிமிடத்தைத் தாண்டினால் அடுத்தது அதன் மேலேயே தொடங்கும். எஃப்லாக் கட்டளையால் ஒரு பூட்டுக் கோப்பைப் பிடித்துக்கொண்டு ஓடச் சொல்லுங்கள்; பூட்டு கிடைக்காவிட்டால் காத்திராமல் விலகும் தெரிவையும் கொடுங்கள். 'கோப்பு இருந்தால் ஓடாதே' என்று கையால் எழுதும் பூட்டு, நடுவில் மின்சாரம் போனால் கோப்பாகவே தங்கிவிடும். அதன் பிறகு ஸ்கிரிப்ட் ஒருபோதும் ஓடாது. எஃப்லாக் பூட்டு, அதைப் பிடித்திருந்த நிரலோடு மறைந்துவிடும்.

கிரான்.டி கோப்பகத்தில் தனிக் கோப்பாக வைத்தேன். பதிவிலேயே வரவில்லை.

அந்தக் கோப்பில் நேரத்துக்கும் கட்டளைக்கும் இடையே பயனர் பெயர் என்னும் ஆறாவது புலம் வேண்டும். டெபியன் வகையில் கோப்பின் பெயரில் புள்ளி இருந்தால் கிரான் அதைப் படிக்காது. எஸ்எச் என்ற பின்னொட்டோடு வைப்பவர்கள் இங்கேதான் மாட்டுகிறார்கள். கடைசி வரியின் முடிவில் வரி முறிவும் இருக்க வேண்டும். சொந்தக் கிரான்டேப்பையே பயன்படுத்துவோருக்கு ஒன்று சொல்ல வேண்டும்: திருத்தும் 'இ' தெரிவும் மொத்தத்தையும் அழிக்கும் 'ஆர்' தெரிவும் விசைப்பலகையில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன. பட்டியலை ஒரு கோப்பில் நகலெடுத்து வையுங்கள்.

இவ்வளவு தொல்லை எதற்கு? சிஸ்டம்டி டைமருக்கு மாறிவிட்டால் எல்லாம் சரியாகிவிடுமா?

சில தொல்லைகள் போகும், சில வேறு உருவில் வரும். பதிவுகள் தாமாகவே ஜர்னலில் சேரும். ஒரு சேவை ஓடிக்கொண்டிருக்கையில் அதே சேவை இன்னொரு முறை தொடங்காது. பாத்தில் யூஎஸ்ஆர்-லோக்கல்-பின் இருக்கும். ஆனால் உங்கள் தொடக்கக் கோப்புகளை அதுவும் படிப்பதில்லை. கணினி அளவிலான சேவை, வேறெதுவும் சொல்லாவிட்டால், வேர்க் கோப்பகத்திலிருந்து தொடங்கும். கட்டளை வரியில் குழாய்க் குறியும் > குறியும் செல்லாது, ஏனென்றால் நடுவில் ஷெல்லே இல்லை. % குறிக்கு அங்கும் தனிப் பொருள் உண்டு. %% என்று இரட்டிப்பாக எழுத வேண்டும். டைமர் இயல்பாக ஒரு நிமிடம் வரை பிந்தித் தொடங்கவும் கூடும்.

மாறுவதற்கு நான் சொல்லும் காரணம் வேறு. டைமரைத் தொடாமல், சேவையை மட்டும் சிஸ்டம்சிடிஎல் கட்டளையால் இப்போதே தொடங்கச் சொல்லலாம். டைமர் தொடங்கும் அதே பயனரில், அதே கோப்பகத்தில், அதே மாறிகளோடு அது ஓடும். மேலே என்வ் கட்டளையைக் கொண்டு நாம் கையால் கட்டி எழுப்பிய சோதனை, அங்கே ஒரே வரியில் கிடைக்கிறது.